உச்சிக்கிளைக் குட்டிகள்

ஓணான் டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்தக் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். மாணவர்கள் தாமதமாக வந்தால் கோபம், சீக்கிரம் வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றாலும் கோபம், டீயில் சர்க்கரை குறைந்தால் அதற்கொரு கோபம். ஓணான்களிடம் மட்டும் அவள் குரலை உயர்த்தியதே கிடையாது. கையில் பிடித்தது விரலை நறுக்கென்று கடித்தாலும், "சரி சரி, விடு, யாரு உன்ன என்ன பண்ணிட்டா?" என்று அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேதான் அதன் காலின் நீளத்தை அளப்பாள். மனுஷர்களிடம் அதில் பாதிப் பொறுமை காட்டியிருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்லும் வேலையே வந்திருக்காது.

கல்லூரிக்குப் பின்னால் கைவிடப்பட்ட நீரேற்று நிலையம் ஒன்று இருந்தது. துருப்பிடித்த குழாய்கள், தண்ணீரில்லாத வட்டத் தொட்டி, திறக்க மறந்துபோன மோட்டார் அறை. நடுவில் வரிசையாக வயதான மரங்கள். யாருக்கும் வேண்டாத அந்த இடம்தான் டீச்சரின் ராஜ்ஜியம். மரங்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்திருந்தாள். இரண்டாகப் பிரிந்து நின்றது ரெட்டைமண்டை. எல்லா மரமும் துளிர்த்த பிறகு போனால் போகிறது என்று துளிர்ப்பது சோம்பேறி. மதிலுக்கு அந்தப் பக்கம், மோட்டார் அறைமேல் தனியாகச் சாய்ந்து நின்றது கூனன்.

காலை வெயில் ஏறியதும் தூண்டில் கழியோடு வந்துவிடுவாள். கழி நுனியில் முள் இருக்காது, மெல்லிய நூலில் ஒரு சுருக்கு இருக்கும். ஓணான் இருக்கிறதே, ஆளைக் கண்டால் மரத்தைச் சுற்றி ஓடி ஒளியும். மூக்குக்கு முன்னால் ஆடுகிற நூலைக் கண்டால் மட்டும், இதென்ன புதுப் பூச்சி என்று கழுத்தை நீட்டும். அவ்வளவுதான், மாட்டிக்கொள்ளும். பிடித்ததை அளந்து, முதுகில் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்து, எடுத்த மரத்தில் எடுத்த உயரத்திலேயே விட்டுவிட வேண்டும். டீச்சரின் பாதி ஆயுசு இந்த வேலையில் போயிருந்தது.

அந்தப் பாதி ஆயுசுக்குப் பலனாக அவள் ஒன்றைக் கண்டு சொன்னாள். அதுதான் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அடிமரத்தில் இருப்பவை பெரியவை, கால் நீண்டவை. உச்சியில் ஒல்லிக் கிளைகளில் இருப்பவை சிறியவை, கால் குட்டையானவை. எல்லாம் ஒரே இனம்தான் என்றாள் டீச்சர். உச்சியில் இருப்பவை குட்டிகள், வளர வளரக் கால் நீண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் அடிமரத்தைப் பிடிக்கின்றன. இறங்கி வரும் ஓணான்களைப் பற்றி அவள் எழுதியதை எங்கெங்கோ இருந்தெல்லாம் கேட்டு வாங்கிப் படித்தார்கள்.

இதில் ஒரு சின்ன இடறல் இருந்தது. ஓணான் அவ்வப்போது சட்டை உரிக்கும், உரிக்கும்போது முதுகுப் புள்ளியும் சட்டையோடு போய்விடும். ஆகவே உச்சியில் புள்ளி வைத்த ஒன்று அந்தப் புள்ளியோடு கீழே வந்து சேர்ந்ததை டீச்சர் ஒருநாளும் பார்த்ததில்லை. மேலே ஒன்று காணாமல் போகும். கொஞ்ச நாள் கழித்துக் கீழே புள்ளியில்லாத புதியது ஒன்று தலையாட்டும். அதுதான் இது என்று அவள் மனசு கூட்டிக்கொண்டது. முழங்கால் மடங்காத ஒருத்தி, ஏணியில் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிற ஒருத்தி, வேறெப்படிக் கூட்டுவாள்? கூனன் மரத்தில் மட்டும் உச்சியில் கால் நீண்ட குட்டிகள் இருந்தன. அதை அவள், "அது கோணல் புடிச்ச மரம், அதுல எல்லாமே கோணல்தான்" என்று சொல்லிக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டாள்.

மரமேறும் வேலையெல்லாம் பாப்பாவுடையது. பாப்பா என்றால் சின்னக் குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். டீச்சரின் தங்கை அவள், காதோரம் நரை எட்டிப்பார்க்கத் தொடங்கிய வயசு. கடைக்குட்டியாகப் பிறந்த பாவத்துக்கு வீட்டில் பாப்பாவானாள். அக்கா படித்ததையே படித்து, அக்காவின் துறையிலேயே தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தாள். அங்கேயும் அக்கா கூப்பிட்டதைக் கேட்டு எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். புதிதாக யாராவது வந்தால் டீச்சர் பெருமையாக, "இவ என் தங்கச்சி. சின்னப் பொண்ணு. எனக்கு ஒத்தாசையா இருக்கா" என்பாள். பாப்பா சிரித்துக்கொண்டே ஏணியைத் தூக்கிக்கொண்டு போவாள்.

டீச்சர் தங்கைமேல் உயிரையே வைத்திருந்தாள், அதில் சந்தேகமில்லை. பாப்பாவைப் பார்க்க வந்த மாப்பிள்ளைகளில் ஒருவனும் தேறவில்லை என்று டீச்சரே முடிவு செய்தாள். ஒருவன் சத்தமாகச் சாப்பிட்டான், ஒருவனுக்கு நெற்றி ஏறிவிட்டது, ஒருவன் ஓணான் என்றதும் முகத்தைச் சுளித்தான். அந்தக் கடைசி ஒருவன் பெண் பார்க்க வந்தபோது பாப்பா ரோஸ் நிறத்தில் நகப்பூச்சு ஒரு பாட்டில் வாங்கினாள். "இதென்னடி, பொம்மைக்குப் பூசற மாதிரி" என்று டீச்சர் சிரித்தாள். பாப்பா அதை அலமாரியின் மூலையில் வைத்துவிட்டாள். டீச்சர் அதோடு அந்தப் பாட்டிலை மறந்தே போனாள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே, ஏதோ துவைக்கப் போட்ட துணியைப் பற்றிச் சொல்வதுபோல, பாப்பா சொன்னாள்:

"எனக்கு வேலை கிடைச்சிருக்கு. தீவனக் கம்பெனில. மாட்டுத் தீவனத்துல பூஞ்சை இருக்கான்னு பாக்கற வேலை."

"எங்க?"

"தூரம்தான். மத்தியானம் பஸ் ஏறினா மறுநாள் காலைலதான் போய்ச் சேரும்."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தாள். "பூஞ்சையா? ஓணான விட்டுட்டுப் பூஞ்சையா? உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

அம்மாதான் அடுப்படியிலிருந்து, "போகட்டும் விடு. எத்தன நாளைக்கு உன் ஏணியத் தூக்கிட்டு அலைவா?" என்றாள். அம்மா எப்போதும் இப்படித்தான், வெங்காயம் நறுக்கிக்கொண்டே மனுஷரையும் நறுக்கிவிடுவாள்.

பாப்பா கிளம்புவதாகச் சொன்ன நாள் கல்லூரியில் கூட்டம் நடக்கும் நாள். வெளியூர்களிலிருந்து பெரிய பெரிய ஆட்கள் வருகிறார்கள், டீச்சர்தான் முதலில் பேச வேண்டும். கூட்டத்தில் பேசுகிறபோது படம் போட்டுக்காட்டுவது வழக்கமாகப் பாப்பாவின் வேலை. "காலைல உனக்குப் படத்த ஓட்டிட்டு மத்தியான வண்டிக்குப் போறேன்" என்றாள். டீச்சருக்குப் போகாதே என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. வெளியே மட்டும், "தாராளமா போ, யாரு பிடிச்சு வெச்சா?" என்றாள்.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பு, கடைசியாகச் சில படம் எடுக்கலாம் என்று டீச்சர் தனியாக மரத்தடிக்குப் போனாள். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து ரெட்டைமண்டையின் உச்சியைத் துழாவினாள். ஒரு ஒல்லிக் கிளையில் குட்டி ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. முதுகில் ஒரு புள்ளி இருந்தது, ரோஸ் நிறத்தில்.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். ரோஸ்தான். பக்கத்துக் கிளையில் இன்னொன்று, அதுவும் ரோஸ். சோம்பேறியின் உச்சியிலும் ரோஸ். கீழே இறங்க இறங்க அவளுடைய சிவப்புப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. உச்சியில் வேறு யாரோ குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அந்தப் பாட்டில் எந்த அலமாரியில் இருந்தது என்பது அவளுக்கு ஒரு நொடியில் ஞாபகம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பு ஒன்று வாசலிலும் ஒன்று கூடத்திலும் கிடந்தது. பாப்பா துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் மரத்துல ரோஸ் கலர்ல புள்ளி வெச்சது யாரு?"

பாப்பாவின் கை நின்றது. "நான்தான்."

"எனக்குத் தெரியாம எத்தன நாளா நடக்குது இது?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன் அக்கா."

"எப்ப? பஸ் ஏறி உக்காந்த பிறகா?"

பாப்பா கையிலிருந்த துணியை விடாமல், மெல்லப் பேசினாள். சட்டை உரிக்கப் போகும் ஓணானின் தோல் முன்கூட்டியே வெளுத்துப்போகும். அப்படி வெளுத்தவற்றைக் குறித்துக்கொண்டு, கிளையிலேயே உட்கார்ந்து காத்திருந்து, உரித்த கையோடு புதுப் புள்ளி வைத்தாளாம். அக்காவின் சிவப்போடு கலந்துவிடக் கூடாது என்று வேறு நிறம். இப்படி ஒரு புள்ளியையும் தொலைக்காமல் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"ஒண்ணுகூட இறங்கி வரல. ஒண்ணுகூட அதுக்கு மேல வளரவும் இல்ல. அது குட்டி இல்லக்கா. அது வேற இனம். அதோட முழு வளர்த்தியே அவ்ளோதான்."

டீச்சர் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். "நான் பாத்து வெச்ச மரத்துல ஏறி உக்காந்துகிட்டு எனக்கே பாடம் எடுக்கறியா? நான் படிச்சத நீ படிச்ச, நான் போன இடத்துக்கு நீ வந்த. உனக்குன்னு தனியா ஒரு கிளையாவது உன்னால பிடிக்க முடிஞ்சிருக்கா?"

சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆனால் வாயிலிருந்து விழுந்ததை எப்படிப் பொறுக்குவது?

பாப்பா துணியைப் பெட்டிக்குள் வைத்தாள். "முடியலதான். சொன்னா நீ உடைஞ்சு போயிடுவ. சொல்லாம உன்கூடவே இருந்து உனக்குப் படம் ஓட்டவும் என்னால முடியல. அதுக்குத்தான் பூஞ்சை பாக்கப் போறேன்."

"ரெண்டு பேரும் வெளில போய்ச் சண்டை போடுங்க, இங்க பால் பொங்குது" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அக்காளும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பது லேசான காரியமா? குளியலறைக் கதவில் ஒருத்தி நின்றால் இன்னொருத்தி போய்விடுவாள். "அந்த நீலத் துண்டு என்னுதுன்னு அவகிட்டச் சொல்லு" என்று டீச்சர் சொல்ல, "எடுத்துக்கச் சொல்லு" என்று பாப்பா சொல்ல, நடுவில் நின்ற அம்மா துண்டைத் தானே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனாள்.

டீச்சருக்குத் தான் சொன்னதுதான் சரி என்று நிரூபித்தாக வேண்டும். மறுநாள் காலை ஏணியைத் தானே இழுத்துக்கொண்டு போய் ரெட்டைமண்டையில் சாய்த்தாள். படிக்குப் படி முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறினாள். கழியை முடிந்த மட்டும் நீட்டி, சுருக்கை உச்சியிலிருந்து தாழ்ந்து தொங்கிய ஒரு ஒல்லிக் கிளைக்குக் கொண்டுபோனாள். ரோஸ் புள்ளிக்காரி ஒருத்தி வழக்கம்போல, இதென்ன புதுப் பூச்சி என்று கழுத்தை நீட்டினாள்.

கீழே இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்து, உள்ளங்கையில் அதை மல்லாத்தினாள். கொழுகொழுவென்று இருந்தது. உச்சியில் பிடிக்கும் குட்டிகளில் சில இப்படித்தான் இருக்கும். "கொழுகொழு குட்டி, நல்லாத் தின்னிருக்கு" என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டே அளந்திருக்கிறாள். இன்றைக்குக் கட்டைவிரலை அதன் வயிற்றில் மெல்ல வைத்துப் பார்த்தாள். தோலுக்கு அடியில் உருண்டையாக ஒன்று நகர்ந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. மெல்லிய வயிற்றுத் தோலின் வழியாக வெளிறிய வரிசையாக அவை தெரியவும் செய்தன.

முட்டைகள். அவள் குட்டி குட்டி என்று கொஞ்சியது பிள்ளைபெறப் போகும் ஒரு தாய்.

பெரிய பெண் ஓணானைப் பிடித்தால் முதல் வேலையாக வயிற்றைத் தடவி முட்டை பார்ப்பவள் அவள். இவற்றுக்கு மட்டும் ஏன் பார்க்கவில்லை? குழந்தையின் வயிற்றை யாராவது அப்படித் தடவிப் பார்ப்பார்களா? குட்டி என்று முதல் நாளே தீர்மானித்துவிட்டாள், அதற்குப் பிறகு கண்ணுக்கு முன்னால் இருந்தது கண்ணில் படவே இல்லை. டீச்சருக்கு முகமெல்லாம் சூடாகியது. வெட்கம்தான். பாதி ஆயுசும் போச்சே என்ற துக்கமும்தான். ஆனால் அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று கண்முன் வந்து நின்றது. ஏணியைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி போகிற ஒரு முதுகு. அந்த முதுகை இத்தனை நாள் அவள் என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தாள்?

"மன்னிச்சுக்கடி" என்று ஓணானிடம் சொன்னாள். சொல்ல வேண்டியவளிடம் சொல்வதற்குத் துணிச்சல் வரவில்லை. எடுத்த உயரத்தில் விட வேண்டுமென்பது சட்டம், ஆகவே மறுபடி ஏணியில் ஏறி, அதே கிளையில் விட்டுவிட்டு, அழுதுகொண்டே இறங்கினாள்.

அன்று சாயங்காலம் பாப்பாவின் அறை வாசலில் போய் நின்றாள். எவ்வளவோ யோசித்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது வந்தது, "பெட்டிக்குப் பூட்டு இருக்கா?" என்பதுதான்.

"இருக்கு" என்றாள் பாப்பா.

"சரி" என்று சொல்லிவிட்டு டீச்சர் திரும்பி வந்துவிட்டாள். இப்படியும் ஒரு ஜென்மம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, வீட்டுக்கு ஒன்று இருக்கிறது.

கூட்டத்து நாள் வந்தது. கூடத்தில் மின்விசிறிகள் கடகடத்தன, முன்வரிசையில் வெளியூர் ஆட்கள் பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தார்கள். பின்சுவரோரம் படம் காட்டும் கருவிக்குப் பக்கத்தில் பாப்பா நின்றாள். கதவோரம் அவளுடைய பெட்டி நின்றது. துறைத் தலைவர் எழுந்து டீச்சரை அழைத்தார். அவருக்கு மாணவர்கள் வைத்த பேர் சுருக்கம், எதற்கெடுத்தாலும் அதையே சொல்வார். அன்றும் சொன்னார்: "மேடம், நிறைய பேர் பேசணும். கொஞ்சம் சுருக்கமா."

டீச்சர் மேடையில் ஏறினாள். திரையில் முதல் படம் வந்தது, அடிமரத்தில் ஒரு பெரிய ஆண் ஓணான், முதுகில் சிவப்புப் புள்ளி. கையில் வைத்திருந்த தாள்களை அவள் மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"இத்தன நாளா நான் சொல்லிட்டு வந்தது தப்பு" என்றாள்.

கூடத்தில் பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது. மேடையிலிருந்து கீழே இறங்கப்போனாள்.

"மேடம், சுருக்கமான்னு சொன்னேன்தான்" என்று தலைவர் பதறினார், "அதுக்காக இவ்ளோ சுருக்கமாவா?"

"மிச்சத்த நான் சொல்லக் கூடாது சார். அது என்னுது இல்ல. அதக் கண்டுபிடிச்சவங்க அதோ, அந்த மிஷின் பக்கத்துல நிக்கறாங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. பாப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா, எனக்கு வண்டிக்கு நேரமாச்சு" என்றாள் கம்மிய குரலில்.

"போறதுன்னா போ. நான் தடுக்கல. ஆனா உன்னோடத நீ சொல்லிட்டுப் போ. இல்லன்னா நான் செத்தாலும் என் நெஞ்சு வேகாது."

டீச்சர் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள், பாப்பா மேடைக்கு நடந்து வந்தாள். வரும் வழி முழுக்க எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையிலிருந்த ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

"நான் இவங்க தங்கச்சி" என்றாள் பாப்பா பழக்கதோஷத்தில்.

"அது வீட்டுல" என்றாள் டீச்சர், உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஊருக்கே கேட்கும் குரலில். "இங்க இவங்க உச்சிக்கிளை ஓணானக் கண்டுபிடிச்சவங்க. இனிமே இந்தக் காலேஜ்ல யாராவது இவங்கள பாப்பான்னு கூப்பிட்டா எனக்குக் கெட்ட கோபம் வரும்."

அவளுடைய கோபத்தை அறிந்தவர்கள் பலர் அங்கே இருந்தார்கள், அவர்கள் மனசில் குறித்துக்கொண்டார்கள்.

பாப்பா தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். ரோஸ் புள்ளியின் கதையையும் உச்சியில் தானே பார்த்த முட்டை சுமந்த தாய்களின் கதையையும் சொன்னாள். போகப் போக அவள் குரல் நிமிர்ந்தது.

"ரெண்டும் ஒரே குடும்பம்தான், ரொம்ப நெருங்கின சொந்தம். எப்பவோ ஒண்ணா இருந்து பிரிஞ்சது. எங்க எப்படிப் பிரிஞ்சுதுன்னு எனக்கு இன்னும் தெரியாது. ஆனா ஒரே மரத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, ஒரே கிளை, ஒரே வெயில், ஒரே பூச்சின்னு போட்டி போட்டுகிட்டே இருந்திருந்தா ஏதாவது ஒண்ணு இல்லாமலே போயிருக்கும். ஒல்லிக் கிளைல நீளக் கால் வழுக்கும், குட்டைக் கால் கவ்விப் பிடிக்கும். அடிமரத்துல ஓடிப் பிடிக்கறதுக்கு நீளக் கால்தான் தோது. அதது தோதான இடத்துல பிழைச்சு, அதோட பிள்ளைங்களும் அங்கயே பிழைச்சு, தலைமுறை தலைமுறையா விலகிடுச்சுங்கன்னு நினைக்கறேன். இப்ப அதுங்களுக்குள்ள சண்டை வர்ற இடம் ஒண்ணே ஒண்ணுதான், நடுக்கிளை. அங்கதான் ஒண்ண ஒண்ணு பாத்துத் தலைய ஆட்டிக்கும்."

டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரிந்த மரம், தெரிந்த ஓணான். ஆனால் இதுவரை யாரும் சொல்லிக் கேட்காத கதை. முதல் வகுப்பில் உட்கார்ந்த மாணவியைப் போல அவள் வாய் பிளந்திருந்தது.

"இன்னொண்ணு" என்றாள் பாப்பா. திரையில் ஒரு படத்தைக் கொண்டுவரச் சொன்னாள். கூனன் மரம். "அக்கா தான் சொன்னது தப்புன்னாங்க. அது முழுசா சரியில்ல."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சின்ன இனம் தரையில இறங்காது, கிளைக்குக் கிளை தாவித்தான் போகும். இந்த ஒரு மரம் மதிலுக்கு அந்தப் பக்கம் தனியா நிக்குது, எந்தக் கிளையும் இதத் தொடல. அதனால சின்ன இனம் இங்க வந்து சேரவே இல்ல. இங்க உச்சில பெரிய இனத்தோட நிஜமான குட்டிங்கதான் இருக்கு. இதுங்களுக்கும் புள்ளி வெச்சுப் பாத்தேன். வளர வளர இறங்கி வருது. அக்கா சொன்ன மாதிரியே, ஒவ்வொரு கிளையா இறங்கி வருது. மத்த மரத்துலயும் இறங்கத்தான் செய்யுது, ஆனா நடுக்கிளைலேர்ந்துதான். ஏன்னா அங்க உச்சி காலியா இல்ல, வேற ஆளுங்க குடியிருக்காங்க. அக்கா பாத்தது நிஜம். பாத்த ஆளுங்கள்ல பாதிப் பேரு வேற, அவ்ளோதான்."

டீச்சர் கோணல் என்று தள்ளிவைத்த மரத்திலிருந்து அவளுடைய பாதி ஆயுசைத் தங்கை எடுத்துக் கொடுத்துவிட்டாள். டீச்சர் கண்ணைத் துடைக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த யாரோ கைக்குட்டையை நீட்டினார்கள்.

அதற்குப் பிறகு கேள்விகள் கிளம்பின. தலைவர் சுருக்கம் சுருக்கம் என்று கைகளை ஆட்டிப் பார்த்தார், யாரும் கேட்பதாக இல்லை. சுவரிலிருந்த கடிகாரத்தைப் பாப்பா ஒரு தடவை பார்த்தாள், இரண்டாம் தடவை பார்த்தாள், பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டாள். மத்தியான வண்டி தன்பாட்டுக்குப் போயிருக்கும்.

பெட்டியை இரண்டு பேருமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். வாசலிலேயே அம்மா கேட்டாள்: "என்ன, வண்டி வரலையா?"

"வந்திருக்கும். நாங்கதான் போகல" என்றாள் டீச்சர்.

"எனக்கு அப்பவே தெரியும். அரிசி அளவ நான் குறைக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

டீச்சர் அங்கேயே நின்றாள். இந்தத் தடவை எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. "அன்னிக்குக் கிளை அது இதுன்னு வாய்க்கு வந்தத சொன்னேன்ல. அது என் புத்தி கெட்டுப்போய்ச் சொன்னது. மனசுல வெச்சுக்காத."

"வெச்சுக்கத்தான் செய்வேன்" என்றாள் பாப்பா, "எனக்கு வலிச்சுதுக்கா." அப்புறம் அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் இரண்டு பேரும் மரத்தடியில் இருந்தார்கள். ஏணியை இந்தத் தடவை தூக்கி வந்தது டீச்சர். தங்கையின் சட்டைப் பையில் ரோஸ் பாட்டில், அக்காவின் பையில் சிவப்பு. தங்கை ஏணியைத் தாண்டி, முதல் கவட்டையைத் தாண்டி, ஒல்லிக் கிளைகள் தொடங்கும் இடத்துக்குப் போனாள். கிளை ஒன்று அவள் காலடியில் லேசாக ஆடியது. டீச்சர் அண்ணாந்து கத்தினாள்.

"பாத்து! பாத்து ஏறு பாப்..."

மீதியைக் கஷ்டப்பட்டு விழுங்கினாள். மேலிருந்து இலைகளை விலக்கிக்கொண்டு ஒரு முகம் கீழே பார்த்தது.

"என்னக்கா?"

"ஒண்ணும் இல்ல" என்றாள் டீச்சர், ஏணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு. "நீ மேல பாரு. கீழ நான் இருக்கேன்."